சுழி சுத்தமா?

திருப்பூர் மாவட்டம் கண்ணபுரத்தில், மாரியம்மன் கோயில் சித்திரைத் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போனது. அங்கே விலை கேட்பதற்கு முன்பே, வாங்க வந்தவர் காளையின் நெற்றியையும் முதுகையும் தடவிப் பார்ப்பார். தேடுவது சுழியை. ரோமம் சுழன்று நிற்கும் சிறு இடம்தான். நல்ல மாட்டின் விலையையும் சரித்துவிடும்.

ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பெயர், ஒரு பலன். ராஜ சுழியும் கோபுரச் சுழியும் வளம் சேர்க்குமாம். பூரான்போல மேல்நோக்கிப் போனால் ஏறுபூரான், நல்லது. கீழ்நோக்கி வந்தால் இறங்குபூரான், குடும்பத்துக்கு ஆகாது. பாடைச் சுழி வீட்டில் சாவைக் கொண்டுவருமாம். பெண்டிழந்தான் சுழிக்கு விளக்கமே தேவையில்லை.

இதில் உண்மையே இல்லையா? ஓரளவு இருக்கிறது. அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் குழுவினர் சுமார் 1,500 மாடுகளைக் கவனித்து, 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே இருந்த மாடுகள், பிடித்து நிறுத்தியபோது மற்றவற்றைவிட அதிகம் மிரண்டன. ரோமமும் மூளையும் கருவின் ஒரே புறஅடுக்கிலிருந்து வளர்பவை. அதனால் சுழிக்கும் குணத்துக்கும் தொடர்பு இருப்பது நம்பக்கூடியதே. ஆனால், மாட்டின் மிரட்சி வேறு, வாங்கியவர் வீட்டுச் சாவு வேறு.

எல்லா நம்பிக்கையும் மாட்டுக்குக் கேடு செய்வதில்லை. கன்று ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவார்கள். பால் வடியும் மரத்தில் தொங்கினால் மடியும் நிறையும் என்பது நம்பிக்கை. நாய் இழுத்துப் போகாது, தாய்ப்பசுவே தின்றுவிடவும் வழியில்லை. பசுவுக்கு இதில் நஷ்டம் ஏதுமில்லை.

சுழி அப்படியல்ல. பல்லைப் பார்த்து வயது சொல்வது அனுபவ அறிவு: இரண்டு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு வயது, எட்டும் சேர்ந்துவிட்டால் நான்கைத் தாண்டியது. குளம்பு, நடை, திமில் எல்லாம் அப்படித்தான். இத்தனையிலும் தேறிய காளைகூட, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் நேரத்தில் ‘சுழி சுத்தமில்லை’ என்ற ஒரு சொல்லில் மலிந்துபோகும். ஏருக்கும் வண்டிக்கும் ஆள் வராவிட்டால் அடிமாடாகத்தான் போகவேண்டும். டிராக்டர் வந்தபின் காங்கேயம் இனம் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த நிலையில், பொலிகாளையாக நின்று கன்றுகளைத் தரவேண்டிய ஒரு திடமான காளையை மயிர்ச் சுழிக்காகக் கழிப்பது அநியாயம்.