டீசல் பாதையில் புகும் காற்று

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றை அதன் பருமனில் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்ற அளவுக்குப் பிஸ்டன் நெருக்கும்போது, அந்தக் காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட, அதற்குள் பீச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. நெருக்குண்ட காற்றை எதிர்த்து உள்ளே நுழைய வேண்டுமானால், டீசலுக்கு அதைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சின் இதற்கெனத் தனியே ஒரு கம்ப்ரஸரை வைத்துக்கொண்டு, அழுத்திய காற்றைக் கொண்டே எரிபொருளை உள்ளே ஊதியது. அத்தனை கனத்தையும் சிக்கலையும் சுமந்துகொண்டு ஒரு வண்டி வயலில் இறங்க முடியாது. டீசலை மட்டுமே அழுத்திப் பீச்சும் பம்ப்புகளை 1927இல் பாஷ் நிறுவனம் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகு சிறிய, வேகமான டீசல் எஞ்சின்களுக்கு வழி அகலமாகத் திறந்தது. காற்றின் தயவால் ஓடத் தொடங்கிய எஞ்சின், அந்த மாற்றத்துக்குப் பின், எரிபொருள் பாதையில் காற்று புகுந்தால் நின்றுவிடும் எஞ்சினாயிற்று என்பது இதன் வரலாற்றிலுள்ள சிறு வேடிக்கை.

அவ்வாறு நிற்பதன் காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். தமிழ்நாட்டு வயல்களில் பரவலாகக் காணப்படும் 35 குதிரைத்திறன் அளவிலான மூன்று சிலிண்டர் டிராக்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடி, மணிக்கு 6 லிட்டர் டீசல் குடிப்பதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் பீச்சப்படுவதால், ஒரு மணி நேரத்தில் 1,80,000 பீச்சல்கள் நிகழ்கின்றன. ஒரு பீச்சலுக்கு விழும் பங்கு ஏறத்தாழ 33 கன மில்லிமீட்டர், அதாவது ஒரு நீர்த்துளியைவிடக் குறைவு. இந்தச் சிறு அளவைக் கொண்டே பம்ப்பிலுள்ள பிளஞ்சர் என்னும் தண்டு, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலின் ஊசியைத் தூக்கப் போதுமான 200 பார் அளவிலான அழுத்தத்தை எழுப்ப வேண்டும்; ஒரு பார் என்பது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமம். அந்த அழுத்தத்தில் டீசல் நூறில் ஒரு பங்கு அளவே சுருங்கும். காற்றோ இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே குழாயில் பீச்சலின் அளவேயான ஒரு குமிழி தங்கிவிட்டாலும், பிளஞ்சரின் உழைப்பு முழுவதும் அக்குமிழியை நெருக்குவதிலேயே கரைந்துபோக, ஊசி அசையாமலே இருந்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை; பட்டறைக்காரர்கள் இதை ‘ஏர் லாக்’ என்பார்கள்.

பிளஞ்சருக்கும் அது ஓடும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான்களே; ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத மணல் துகள்கூட அந்த இடைவெளியில் கீறல் போடும் என்பதாலும், அங்கே உராய்வைத் தணிக்கும் எண்ணெயும் டீசலேயன்றி வேறில்லை என்பதாலும், டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவே வடிகட்டிகள் காவல் நிற்கின்றன. இந்திய டிராக்டர்கள் பலவற்றில் அவை இரண்டாக அமைந்திருக்கும்: பெரிய அழுக்கைப் பிடிக்கும் முதல் ஃபில்டர், நுண்ணிய துகளை மடிப்புக் காகிதத்தால் பிடிக்கும் இரண்டாவது ஃபில்டர். தண்ணீர் டீசலைவிடக் கனமானதாகையால் ஃபில்டரின் கிண்ணத்தின் அடியில் தங்கும். அதைத் திருகைத் திறந்து அவ்வப்போது வெளியேற்றலாம். பாதி காலியான டேங்க்கில் இரவின் ஈரக்காற்று குளிர்ந்து நீராகப் படியும் என்பதால், மாலையில் வேலை முடிந்ததும் டேங்க்கை நிரப்பிவைப்பது நல்ல பழக்கம்.

ஃபில்டர் மாற்றும் காலம் கிலோமீட்டரால் அன்றி, மீட்டர் காட்டும் ஓட்ட மணியால் கணக்கிடப்படுகிறது. எத்தனை மணி என்பதை அந்தந்த டிராக்டரின் கையேடே சொல்ல வேண்டும். வேலையைத் தொடங்குமுன் ஃபில்டரைச் சுற்றியுள்ள சேற்றையும் தூசியையும் கழுவித் துடைப்பது முதற்கடமை. டேங்க்கின் குழாய்த் திருகை மூடி, கிண்ணத்திலுள்ள டீசலை ஒரு பாத்திரத்தில் வடித்து, நடு போல்ட்டைக் கழற்றிப் பழைய ஃபில்டரை எடுத்தபின், கிண்ணத்தைச் சுத்தமான டீசலால் அலச வேண்டும்; நூல் பிரியும் பழந்துணியால் துடைத்தால், அந்த நூலே அடுத்த அடைப்பாகிவிடும். புதிய ஃபில்டரோடு வரும் ரப்பர் வளையங்களைச் சோம்பலின்றி மாற்ற வேண்டும், ஏனெனில் தட்டையாகிப்போன பழைய வளையம் பின்னர் கசிவுக்கு வழிவிடும். காற்று எடுக்கும் வேலையைக் குறைக்கலாம் என்று கேனிலுள்ள டீசலைப் புதிய ஃபில்டரின் நடுத் துளை வழியாக ஊற்றி நிரப்புவோர் உண்டு. நடுத் துளை வடிகட்டிய டீசல் வெளியேறும் பக்கமாகையால், அப்படி ஊற்றுவது வடிகட்டாத டீசலை நேரே பம்ப்புக்கு அனுப்புவதாகும்.

கிண்ணத்தைத் திறந்ததும் உள்ளே காற்று புகுந்துவிடுவதால், மாற்றிய கையோடு ‘ஏர் எடுக்க’ வேண்டும். இதன் விதி ஒன்றுதான்: டீசல் ஓடும் திசையிலேயே, டேங்க்கிலிருந்து நாசிலை நோக்கி, ஒவ்வொரு நிலையாகக் காற்றை வெளியேற்றிச் செல்வது. குழாய்த் திருகைத் திறந்து, முதல் ஃபில்டரின் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவை ஓரிரு சுற்று தளர்த்தி, டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பின் கைப்பிடியை இயக்கினால், முதலில் நுரையும் குமிழியும், பிறகு குமிழியற்ற டீசலும் வரும். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியேறிய காற்று அதே வழியில் திரும்பிவிடும். அடுத்து இரண்டாவது ஃபில்டர், அதன்பின் டீசலைப் பீச்சும் பம்ப்பிலுள்ள ஸ்க்ரூ. ரோட்டரி வகைப் பம்ப்புகள் சிலவற்றில் இரண்டு ஸ்க்ரூக்கள் இருப்பதுண்டு. ஒன்றை மறந்தால் வேலை அரைகுறை. கைப்பிடி சில வேளை பிடிப்பின்றித் தொளதொளவென ஆடும். ஃபீட் பம்ப் கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டும் இந்நிலையில், உண்மையில் பம்ப்பை இயக்கும் கேமின் மேடு அதன் நெம்புகோலை முழுவதும் தள்ளிப் பிடித்திருக்கும். எஞ்சினைச் சற்றே சுழற்றிவிட்டால் கைப்பிடி மீண்டும் வேலை செய்யும்.

இறுதியாக, கியர் நியூட்ரலில் இருக்க, நிறுத்தும் குமிழை உள்ளே தள்ளி, கை ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து, நாசில்களுக்குச் செல்லும் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சில வினாடிகள் சுழற்றினால், நட்டின் ஓரம் டீசல் துடித்துத் துடித்து வெளிவரும். அப்போது அவற்றை இறுக்கினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் விரலை வைத்துச் சோதிப்பது கூடாது, ஏனெனில் உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லக்கூடியது. சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயத்துக்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் புதிய காமன் ரயில் எஞ்சின்களில் நட்டைத் தளர்த்தும் இந்த முறைக்கே இடமில்லை. அவற்றில் கைப் பம்ப்பாலோ மின் பம்ப்பாலோ தாழ்ந்த அழுத்தப் பகுதியை நிரப்புவதோடு கை வேலை முடிந்துவிடும்.

முறையாகக் காற்றை எடுத்தபின்னும் டிராக்டர் சிறிது நேரம் ஓடி மீண்டும் நிற்குமானால், காற்று எங்கிருந்தோ தொடர்ந்து புகுகிறது என்று பொருள். ஃபீட் பம்ப்புக்கு அப்பாலுள்ள பகுதியில் கசிவிருந்தால் டீசல் வெளியே ஒழுகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையிலுள்ள உறிஞ்சும் பகுதியிலோ, ஓடும்போது டீசல் வெளியே வராமல் காற்றே உள்ளே இழுக்கப்படும். வெளிப்புறம் உலர்ந்தே இருப்பதால் கண் ஏமாந்துபோகிறது. வெடிப்புவிட்ட ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷர் ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகள். டேங்க் மூடியிலுள்ள மூச்சுத் துளை மண்ணால் அடைபட்டிருந்தாலும், டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகி இழுவை கூடுவதால், நல்ல இணைப்புகூடக் காற்றை உள்ளே விடத் தொடங்கும். அப்போது மூடியைத் திறந்ததும் எஞ்சின் தேறிக்கொள்வதைக் கொண்டே காரணத்தை அறியலாம். மற்ற வேளைகளில், ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஓர் ஒளிபுகும் குழாய்த் துண்டைத் தற்காலிகமாக இணைத்து எஞ்சினை ஓடவிட்டு, குமிழிகள் வருகின்றனவா என்று பார்த்தபடி, ஒவ்வோர் இணைப்பாக டேங்க்கை நோக்கிப் பின்னால் நகர்ந்தால், கசியும் இடம் அகப்பட்டுவிடும்.