அமெரிக்க விடுதலைப் பிரகடனம்: ‘அனைவரும்’ என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள்?

1776 ஜூலை 4 அன்று பிலடெல்பியா நகரில் கூடியிருந்த பேரவை, வட அமெரிக்காவின் 13 குடியேற்றங்களும் இனி பிரித்தானிய அரசுக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்ற பிரகடனத்தை ஏற்றது. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அப்பிரகடனம் முழங்கியது. அன்று அக்குடியேற்றங்களில் வாழ்ந்த சுமார் 25 இலட்சம் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அடிமைகள்.

‘பிரதிநிதித்துவம் இல்லையேல் வரியும் இல்லை’ என்ற முழக்கத்தோடு அமெரிக்க விடுதலையின் வரலாற்றை நாம் பெரும்பாலும் படித்து முடித்துவிடுகிறோம். அம்முழக்கம் எவ்வாறு பிறந்தது, யாருக்காகப் பிறந்தது, யார் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அவ்வரலாறு முழுமை பெறும்.

கடனில் தொடங்கிய பிணக்கு

1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தது. பிரான்சை வென்ற பிரித்தானியா கனடாவைப் பெற்றது. ஆனால் அதன் தேசியக் கடன் ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடி பவுண்டாக உயர்ந்திருந்தது. அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட படையின் செலவில் ஒரு பகுதியைக் குடியேறிகளும் ஏற்கவேண்டும் என இலண்டன் கருதியது. அதே ஆண்டில், அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே உள்ள தொல்குடிகளின் நிலங்களில் குடியேறக் கூடாது என்று மன்னர் அறிவித்தார். அந்நிலங்களை வளைத்து விற்றுப் பொருளீட்ட எண்ணியிருந்த செல்வந்தர்களுக்கு இது பேரிடியாக இறங்கியது. அவர்களுள் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர்.

1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. நீதிமன்ற ஆவணங்கள், நிலப் பத்திரங்கள், செய்தித்தாள்கள், சீட்டுக்கட்டுகள் ஆகியவற்றுக்கெல்லாம் முத்திரை வரி செலுத்த வேண்டியதாயிற்று. வழக்கறிஞர்கள், அச்சகத்தார், வணிகர்கள் ஆகியோரையே இவ்வரி முதலில் தாக்கியது. ஊராரைத் திரட்டவும், எழுதவும், பேசவும் வல்லவர்கள் இவர்களே. எதிர்ப்பு அத்தனை விரைவாகப் பரவியதற்கு இதுவும் காரணம்.

‘உங்களுக்காக நாங்கள் பேசுகிறோம்’

குடியேறிகளின் வாதம் இங்கிலாந்தின் சட்ட மரபிலிருந்தே எழுந்தது. தான் தேர்ந்தெடுத்த பிரதிநிதியின் இசைவின்றி ஒருவரின் சொத்தை வரியாக எடுக்க முடியாது. இலண்டன் நாடாளுமன்றத்திலோ அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஆளும் தரப்பு இதற்கு ஒரு மறுமொழி வைத்திருந்தது. மான்செஸ்டர் போன்ற நகரங்களுக்கும் அப்போது தனி உறுப்பினர் இல்லை. ஆயினும் நாடாளுமன்றம் பேரரசின் எல்லா மக்களையும் பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்பதே அது. ‘எங்கள்மீது வரி விதிப்பவர் அவ்வரியைத் தாம் செலுத்துவதில்லை, எங்கள் சுமை கூடினால் அவர் சுமை குறைகிறது, அவர் எங்ஙனம் எங்கள் பிரதிநிதி ஆவார்?’ என்பது குடியேறிகளின் எதிர்வாதம்.

உங்களுக்கு வாக்கு வேண்டாம், உங்கள் நலனை நாங்களே காப்போம் என்ற குரலை ஒடுக்கப்பட்ட மக்கள் எந்நாட்டிலும் அறிவர். அமெரிக்கக் குடியேறிகள் அக்குரலை மறுத்தது நியாயமே. அதே மறுப்பைத் தம் வயல்களில் உழைத்த அடிமைகளும் எழுப்பக்கூடும் என்பதைத்தான் அவர்களுள் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

1766இல் முத்திரைச் சட்டம் நீக்கப்பட்டது. கூடவே, குடியேற்றங்களுக்காக எப்பொருள் குறித்தும் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என அறிவிக்கும் மற்றொரு சட்டமும் நிறைவேறியது. வரி போயிற்று, அதிகாரம் நின்றது. எவ்வளவு வரி என்ற கேள்வி, யாருக்கு அதிகாரம் என்ற கேள்வியாக மாறியது இங்கேதான்.

தேயிலையிலிருந்து துப்பாக்கிக்கு

1767இல் கண்ணாடி, காகிதம், ஈயம், வண்ணப்பூச்சு, தேயிலை ஆகியவற்றின்மீது இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. குடியேறிகள் பிரித்தானியப் பொருட்களைப் புறக்கணித்தனர். 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் படையினர் சுட்டதில் ஐவர் இறந்தனர். அவர்களுள் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க மரபும் தொல்குடி மரபும் கலந்து வந்தவர் எனக் கருதப்படுகிறார்.

பிற வரிகள் நீங்கின. தேயிலை வரி மட்டும் தொடர்ந்தது. நொடிந்துகொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்ற 1773இல் தேயிலைச் சட்டம் இயற்றப்பட்டது. வங்காளத்தைச் சூறையாடிய அதே கம்பெனிதான் இது. 1770இன் வங்காளப் பஞ்சத்தைச் சுட்டிக்காட்டி, அக்கம்பெனியை உள்ளே விடாதீர்கள் என்று எச்சரித்த எழுத்துகள் அமெரிக்காவில் வெளியாயின. புதிய சட்டத்தால் தேயிலை விலை உண்மையில் குறையவே செய்தது. ஆனால் மலிவான தேயிலையை வாங்குவது வரியதிகாரத்தை ஒப்புக்கொள்வதாகும். 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன.

1774இல் தண்டனைச் சட்டங்கள் வந்தன. பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. மாசசூசெட்ஸின் சுயாட்சி உரிமைகள் வெட்டப்பட்டன. இன்று பாஸ்டனுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரலாம் என்ற அச்சமே பிற குடியேற்றங்களை ஒன்றிணைத்தது. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன், கான்கார்டு ஆகிய ஊர்களில் போர் மூண்டது. அதன் பின்னரும் பேரவை மன்னருக்குச் சமாதான மனு அனுப்பியது; மன்னரோ அவர்களைக் கலகக்காரர்கள் என அறிவித்தார். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் வெளியிட்ட ‘காமன் சென்ஸ்’ நூல், மன்னராட்சியையே தூக்கியெறியும் துணிவைப் பொதுமக்களிடம் வளர்த்தது.

மறைக்கப்பட்ட மறுபக்கம்

அடிமைகள் இக்காலமெல்லாம் வாளாவிருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜேம்ஸ் சோமர்செட்டை அவருடைய உடைமையாளர் வலுக்கட்டாயமாக நாடு கடத்த முடியாது என 1772இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு தீர்ப்பளித்தார். 1773இல் மாசசூசெட்ஸின் அடிமைகள் சட்டமன்றத்துக்கு மனு அளித்தனர். அடிமைத்தனத்தை எதிர்ப்பதாகச் சொல்லும் உங்களிடம் எங்கள் விடுதலையை எதிர்பார்க்கிறோம் என்பது அம்மனுக்களில் ஒன்றின் சாரம்.

1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரித்தானிய ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தம் படையில் சேர்ந்தால் விடுதலை பெறுவர் என அறிவித்தார். நூற்றுக்கணக்கானோர் தப்பி அவரிடம் சென்றனர். அடிமைகள்மீது அவருக்குக் கருணை பிறந்துவிடவில்லை. அது போர்த் தந்திரம். ஆயினும் அது தென்பகுதித் தோட்ட முதலாளிகளைப் பிரிவினையின் பக்கம் வேகமாகத் தள்ளியது. அடிமைமுறையைக் காப்பதே பிரிவினையின் ஒரே நோக்கம் என்பது மிகைக்கூற்று; அதற்குப் பங்கே இல்லை என்பதோ வரலாற்று மோசடி.

இதற்குச் சான்று பிரகடனத்திலேயே உள்ளது. மன்னர்மீதான குற்றப்பட்டியலில், உள்நாட்டுக் கிளர்ச்சிகளைத் தூண்டினார் என்பதும் ஒன்று. அதே வரியில் தொல்குடிகள் இரக்கமற்ற காட்டுமிராண்டிகளாகச் சித்தரிக்கப்பட்டனர். அடிமை வணிகத்தைக் கண்டித்து ஜெஃபர்சன் எழுதிய பத்தியைப் பேரவை நீக்கிவிட்டது. அப்பத்தியை எழுதிய ஜெஃபர்சனே தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர்.

சொல்லை வழக்காக்கியவர்கள்

மனிதர் அனைவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று மாசசூசெட்ஸின் 1780ஆம் ஆண்டு அரசமைப்பு கூறியது. எலிசபெத் ஃப்ரீமன் என்ற அடிமைப் பெண் அச்சொற்களைப் பற்றிக்கொண்டு நீதிமன்றம் சென்று, 1781இல் தம் விடுதலையை வென்றெடுத்தார். குவாக் வாக்கர் தொடர்பான வழக்கில், அவ்வரசமைப்பின்கீழ் அடிமைமுறை நிலைக்க முடியாது எனத் தலைமை நீதிபதி குஷிங் 1783இல் கூறினார்.

ஆனால் 1787இல் வரையப்பட்ட நாட்டின் அரசமைப்பு வேறு திசையில் சென்றது. மக்களவை இடங்களைக் கணக்கிட அடிமைகள் ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டனர். எண்ணப்பட்டோருக்கு வாக்கில்லை, கூடுதல் இடங்களோ உடைமையாளர்களின் மாநிலங்களுக்கு. பிரதிநிதித்துவம் கேட்டுப் போராடியவர்களே, பேச்சற்றவர்களாக்கப்பட்ட மக்களின் பெயரால் கூடுதல் பிரதிநிதித்துவம் பெற்றனர். உள்நாட்டுப் போருக்குப் பின், 1865இல்தான் அடிமைமுறை அரசமைப்பின் வழி ஒழிந்தது.

1873இல் ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1776இல் தங்களுக்கு விடுதலை பெற்றுக்கொண்டதற்காக அவர் அவர்களைப் போற்றவில்லை. கறுப்பின மக்களின் அடிமைத்தளையை ஒழித்ததற்காகவே போற்றினார். நாமும் அவ்வரலாற்றை அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம். உரிமை ஆவணங்களை எழுதியவர்களின் நோக்கம் குறுகியதாக இருக்கலாம். அதில் எழுதப்பட்ட சொல் அவர்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடுவதில்லை. ஃப்ரீமனும் வாக்கரும் மனு எழுதிய அடிமைகளும் அதை நிறுவிக் காட்டினார்கள்.