உங்கள் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது?

மாணவர்களே, கணினியில் ஒரு காணொளியைச் சேமிக்கிறீர்கள். திரையில் அது ஒரே கோப்பாகத் தெரியும். வட்டிலோ அது துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடக்கலாம். எந்தத் துண்டு எங்கே என்ற கணக்கை வைத்திருப்பது கோப்பு முறைமை.

வட்டு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறைமையில் ஒரு கட்டம் பெரும்பாலும் 4,096 பைட். அப்படியானால் 1 ஜிகாபைட் காணொளிக்கு 262,144 கட்டங்கள் தேவை. முன்பு லினக்ஸில் 'ஃபிப்மேப்' என்ற அழைப்பின் வழி ஒவ்வொரு கட்டமாகத்தான் இடம் கேட்க முடிந்தது. அத்தனை தடவை கேட்க வேண்டும்!

2008 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.28, 'ஃபைமேப்' என்ற வசதியைத் தந்தது. குளுவாங்கிலிருந்து 40 மாணவர்கள் ரயிலில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "முதல் 30 பேர் பி பெட்டியில், இருக்கை 1 முதல், அடுத்த 10 பேர் டி பெட்டியில், இருக்கை 11 முதல்" என்றால் போதுமல்லவா? ஃபைமேப்பும் அப்படித்தான்: கோப்பில் தொடங்கும் இடம், வட்டில் தொடங்கும் இடம், நீளம். ஈஎக்ஸ்டி4-இல் ஒரு தொடர் 128 மெகாபைட் வரை நீளலாம். அந்தக் காணொளி இடைவெளியின்றி அமைந்தால், 8 வரிகளில் பதில் முடிந்துவிடும்.

புதிதாக எழுதிய தரவு சிறிது நேரம் நினைவகத்திலேயே காத்திருக்கும். வட்டில் அதற்கு இன்னும் இடம் ஒதுக்கப்பட்டிருக்காது. 2011-இல் 'சிபி' என்ற நகலெடுக்கும் நிரல் ஃபைமேப்பை நம்பி, இடம் காட்டப்படாத பகுதியை வெற்றிடம் என்று எடுத்துக்கொண்டது. சில நகல்களில் தரவுக்குப் பதிலாகப் பூஜ்யங்களே இருந்தன. பின்னர் அந்த முறை மாற்றப்பட்டது.

வெளியேற்றும் கட்டளை கொடுக்காமல் விரலியைப் பிடுங்கக் கூடாது என்பதும் இதனால்தான். சேமித்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் இடுபணி, அந்த நொடியில் நினைவகத்தில் மட்டுமே இருக்கக்கூடும்.