அமெரிக்கத் தேர்தலைப் படிக்கலாம், நம் சேரியைப் படிக்கக்கூடாதா?

ஜமுனாமரத்தூரிலிருந்து படிக்கக் கீழே இறங்கும் பிள்ளைகளிடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், பொறியியலா, மருத்துவமா என்றுதான் கேட்கிறார்கள். அரசியலையும் சமூகத்தையும் படிக்கவும் போகலாம் என்று நாம் சொல்லிக் கொடுத்ததில்லை.

1913இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பரோடா மன்னர் தந்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. பொருளாதாரம் முதன்மைப் பாடம். கூடவே வரலாறு, சமூகவியல், மானுடவியல், அரசியல் வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். 1916 மே மாதம் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை, இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது என்பது பற்றியது. அமெரிக்கக் கறுப்பின மக்களையும் அவர் மறக்கவில்லை. 1946இல் அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதி, ஐ.நா.வுக்கு அம்மக்கள் சார்பில் தரப்பட்ட மனுவின் படியைக் கேட்டார்.

இன்று ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். பெரும்பகுதி பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், மதிப்பெண் 60 விழுக்காடு. மலையாளி மக்கள் உள்ளிட்ட பழங்குடியினருக்குத் தனித் திட்டம் உண்டு. நாடு முழுமைக்கும் 20 இடங்கள்தான்!

பட்டியல் சாதியினர் திட்டத்தின் விதியை 2022இல் மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இனிப் பணம் கிடையாது. அமெரிக்கத் தேர்தலை ஆராயப் போகலாம், சாதியை ஆராயப் போக முடியாது. அண்ணலின் அந்தக் கட்டுரைத் தலைப்போடு இன்று ஒரு மாணவர் விண்ணப்பித்தால் என்ன பதில் வரும்? இந்த விதியைத் திரும்பப் பெறச் சொல்லி நம் மக்களவை உறுப்பினர்கள் கேட்க வேண்டும். பிள்ளைகளே, அதுவரை காத்திருக்காதீர்கள். இளங்கலை படிக்கும்போதே சாதி, வருமானச் சான்றுகளை வாங்கி வையுங்கள்.