கட்டை இருக்கு, படம் இல்லை

போன மாதம் நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சுவரில் மாட்டியிருந்த மீன்கொத்திப் படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு தர்றேன்னு சொன்னியே?" என்றான். தீர்ந்துபோச்சு என்றேன். "தீர்ந்தா என்னடா? கட்டை உன்கிட்டதானே இருக்கு, இன்னொண்ணு அடிச்சுக் குடு."

நியாயமான கேள்விதான். அச்சு என்றாலே திரும்பத் திரும்ப அடிக்கலாம் என்றுதானே அர்த்தம்? பதிலுக்கு அந்தக் கட்டையை எடுத்துக் காட்டினேன். பறவையின் தலை, வயிறு, அது உட்கார்ந்திருக்கும் கம்பி, இவ்வளவுதான் மேடாக நின்றன. அலகு இல்லை, இறக்கை இல்லை. "மிச்சம் எங்க?" "குப்பைத்தொட்டியில."

அவனுக்குச் சொன்ன விளக்கத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அடிப்படை. நான் பயன்படுத்தியது மரமல்ல, லினோலியம். 1860-களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் தரைவிரிப்புக்காக உருவாக்கிய பொருள். ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டியாகவிட்டு, தக்கைத் தூளோடு கலந்து, சணல் துணிமேல் பரப்பிச் செய்வது. மரத்துக்கு ரேகை உண்டு, அதை மீறி உளி ஓட்டினால் சிம்பு பெயரும். லினோவில் ரேகை கிடையாது, எந்தத் திசையிலும் செதுக்கலாம். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இன்னும் இளகிக் கொடுக்கும். செதுக்கிய இடம் பள்ளம், விட்ட இடம் மேடு. ரோலரில் மை எடுத்து உருட்டினால் மேட்டில் மட்டும் மை ஒட்டும். மேலே காகிதத்தை வைத்துக் குழிக்கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் விழும். ஆனால் இடம்வலம் மாறி விழும், அதனால் வரையும்போதே திருப்பி வரைய வேண்டும்.

ஒரு நிறம் என்றால் இதோடு கதை முடிந்தது. மூணு நாலு நிறம் வேண்டுமென்றால்?

நேரான வழி, நிறத்துக்கு ஒரு கட்டை. ஜப்பானில் 1765 வாக்கில் சுஸுகி ஹருநோபு காலத்தில் பல வண்ண மரச்செதுக்கு அச்சு பிரபலமானது இப்படித்தான். சிக்கல் என்னவென்றால், எல்லாக் கட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். பழைய சினிமா போஸ்டர்களில் உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு விலகிக் கன்னத்தில் நிற்குமே, அந்த ஆபத்துதான். ஜப்பானியர்கள் இதற்காக ஒவ்வொரு கட்டையிலும் மூலையில் 'ட' வடிவில் ஒரு வெட்டும், ஓரத்தில் நேர்க்கோடாக ஒரு வெட்டும் போட்டுக் காகிதத்தை அதில் நிறுத்துவார்கள். கென்டோ என்று பெயர்.

இன்னொரு வழி, ஒரே கட்டையில் எல்லா நிறத்தையும் அடிப்பது. இதுதான் ரிடக்‌ஷன் முறை. வெள்ளையாக இருக்க வேண்டியதை முதலில் செதுக்கி, மிக வெளிறிய நிறத்தை எல்லாத் தாள்களிலும் அடித்துவிட வேண்டும். பிறகு, அந்த வெளிறிய நிறமாகவே நிற்க வேண்டிய இடங்களை அதே கட்டையில் செதுக்கி, அடுத்த நிறத்தை அதே தாள்களின்மேல் அடிக்க வேண்டும். இப்படியே கடைசி அடர்நிறம் வரை. இதை 'தற்கொலை அச்சு' என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் கட்டையின் ஒரு பகுதி செத்துப்போகிறது, முந்தின நிலைக்குத் திரும்ப முடியாது.

இந்த முறையைப் பேர்பெற வைத்தவர் பிக்காஸோ. கண்டுபிடித்தவர் அவரல்ல, அவருக்கு முன்பே செய்திருக்கிறார்கள். 1958-இல் இளைய கிரானாக்கின் ஓர் ஓவியத்தை வைத்து ஒரு பெண்ணின் உருவத்தை அவர் லினோவில் பல கட்டைகளாகச் செதுக்கினார். அவற்றைப் பொருத்துவது பெரும்பாடு. அடுத்த வருஷமே ஒற்றைக் கட்டைக்கு மாறிவிட்டார். தெற்கு பிரான்ஸின் வல்லோரிஸ் ஊரில் இடால்கோ அர்நேரா என்ற அச்சுக்காரர் அவருக்கு அடித்துக் கொடுத்தார்.

சரி, கட்டை ஒன்றானதும் சிக்கல் தீர்ந்ததா? பொருத்துகிற வேலை சுலபமாகிறது, ஒழிந்துபோவதில்லை. தாள் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் கையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தெருக் கம்பியில் தினமும் உட்காரும் வெண்மார்பு மீன்கொத்தியைத்தான் வரைந்தேன். மார்பும் பின்புலமும் வெள்ளை, அலகும் காலும் ஆரஞ்சு கலந்த சிவப்பு, இறக்கை நீலம், தலையும் வயிறும் கருந்தவிட்டு நிறம். வெளிறியதில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதானே என்று ஆரஞ்சைக் கட்டை முழுக்க உருட்டிப் பதினாலு தாளிலும் அடித்தேன். அலகையும் காலையும் செதுக்கினேன். மேலே நீலம் அடித்தேன்.

நீலம் வரவில்லை. அழுக்குத் தண்ணீர் மாதிரி ஒன்று வந்தது.

மை முழுசாக மறைக்கிற பொருளல்ல, கீழே இருப்பது கொஞ்சம் மேலே தெரியும். ஆரஞ்சும் நீலமும் ஒன்றையொன்று கொன்றுவிடுகிற ஜோடி. விரற்கடை அகல அலகுக்காக முழு இறக்கைக்கும் அடியில் ஆரஞ்சு பூசி வைத்திருக்கிறேன்! மெல்லிய தாளில் ஓட்டை போட்டுக் கட்டையை மறைத்துக்கொண்டு, அலகிலும் காலிலும் மட்டும் சின்ன ரோலரால் மை வைத்திருந்தால் போதும். ஆனால் அலகைத்தான் செதுக்கி எறிந்தாச்சே. நீலத்தில் வெள்ளையைக் கலந்து கெட்டியாக்கி மறுபடி அடித்தேன். மழைக்கு முந்தின வானம் மாதிரி சாம்பல் நீலம் கிடைத்தது. அதோடு சமாதானமானேன்.

இரண்டாவது தப்பு கண்ணில். கண்ணின் ஒளிப்புள்ளி வெள்ளையாக வேண்டுமென்றால் அதை முதல் நாளே செதுக்கியிருக்க வேண்டும். தவிட்டு நிறம் அடிக்கப்போகும்போதுதான் ஞாபகம் வந்தது. அப்போது செதுக்கினால் அடியில் இருக்கிற நீலம்தான் தெரியும். வேறு வழியில்லை, செதுக்கினேன். என் மீன்கொத்திக்கு நீலக் கண்ணொளி. எந்தக் கட்டத்தில் செதுக்குகிறோமோ, அந்த இடம் அந்தக் கட்டத்து நிறத்தோடு நின்றுவிடும். ரிடக்‌ஷன் முறையின் மொத்தச் சூத்திரமும் இதுதான். முடிந்த படத்தை மனதில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் யோசிக்க வேண்டும்.

எண்ணிக்கையும் அப்படித்தான். எத்தனை பிரதி என்பதைப் படம் நன்றாக வருமா என்று தெரிவதற்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும். பத்துப் பேருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன், சேதாரத்துக்கு நாலு சேர்த்தேன். எண்ணெய் மை காய நான் ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து நாள் விட்டிருக்க வேண்டும். அவசரப்பட்டு மூணாம் நாளே நீலம் அடித்ததில் ஈரம் ஒட்டி ரெண்டு தாள் கெட்டது. தவிட்டு நிறத்தில் மூணு தாள் நகர்ந்துவிட்டது. மிஞ்சியது ஒன்பது. பத்தாவது ஆள் இந்த நண்பன்.

கெட்ட தாள்களை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். விளக்கடியில் ஒரு கண்ணாடித் தம்ளரும் பழங்களும் இருக்கிற ஒரு படத்தை பிக்காஸோ 1962-இல் லினோவில் செய்தார், எண்பது வயசில். அதன் ஒவ்வொரு கட்டத்திலும் அடித்துப் பார்த்த தாள்களைப் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. அவர் எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார் என்பதை அந்தத் தாள்களில் பார்க்கலாம், கட்டையில் பார்க்க முடியாது. நானும் அடுத்த தடவை நிறத்துக்கு ஒரு தாள் தனியாக எடுத்து வைப்பதாக இருக்கிறேன்.

நண்பனிடம் நகர்ந்துபோன மூணு தாளையும் காட்டினேன். தவிட்டு நிறம் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்து, தலைக்கு ஓரமாக ஒரு நீலக் கோடு தெரிகிற தாளை எடுத்துக்கொண்டான். "இது கெட்டதுடா" என்றேன். "இருக்கட்டும், இதுலதான் நீலத்துக்கு மேல தவிட்டு நிறம் உக்காந்திருக்கிறது எனக்குப் புரியுது" என்றான்.