கடலும் கப்பமும் – 6: தலைக்கு இவ்வளவு

1786 மார்ச் கடைசியில் ஜான் லாம்ப் என்ற அமெரிக்கர் அல்ஜியர்ஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார். கனெக்டிகட் மாநிலத்துக்காரர். கோவேறு கழுதை வியாபாரத்துக்காக வட ஆப்பிரிக்கக் கரைக்கு வந்து போன பழக்கம் உண்டு. தூதர் வேலைக்கு அவரிடம் இருந்த தகுதி ஏறக்குறைய அவ்வளவுதான். அல்ஜியர்ஸில் அடிமைகளாகக் கிடந்த 21 அமெரிக்கர்களை மீட்டு வருவது அவர் பொறுப்பு. அதற்கு அமெரிக்க காங்கிரஸ் அனுமதித்த தொகை தலைக்கு 200 டாலர்.

அல்ஜியர்ஸின் ஆட்சியாளருக்கு ‘டே’ என்று பட்டம். அவர் தரப்பிலிருந்து விலைப்பட்டியல் வந்தது. கேப்டன்கள் மூவருக்கு ஆளுக்கு 6,000 டாலர். துணைக் கேப்டன்கள் இருவர், பயணிகள் இருவர், ஆளுக்கு 4,000. சாதாரண மாலுமிகள் 14 பேருக்கு ஆளுக்கு 1,400. அதற்கு மேல் 11 சதவீத வரி. மொத்தம் 59,496 டாலர். மிளகு மூட்டைக்குப் பில் போடுகிற துல்லியம். லாம்ப் வெறுங்கையோடு திரும்பினார்.

ஆண்டுக் கப்பம் என்ற பேச்சே இல்லாமல் மொராக்கோ சுல்தான் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்துகொண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அல்ஜியர்ஸிடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது. அங்கே கப்பல் பிடிப்பது அரசின் தொழில். சில நாடுகளோடு சமாதானம், மற்றவற்றோடு போர் என்பதே அதன் கணக்கு. எல்லோரோடும் சமாதானம் என்றால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களுக்கு வேலை இருக்காது. அமெரிக்கக் கப்பல்கள் பிரிட்டிஷ் குடிமக்களுடையவையாக இருந்தவரை, பிரிட்டன் கொடுத்த அனுமதிச் சீட்டைக் காட்டித் தப்பித்தன. சுதந்திரத்தோடு அந்தச் சீட்டும் போயிற்று. 1785-ல் ஸ்பெயின் அல்ஜியர்ஸோடு சண்டையை நிறுத்தியதும், ஜிப்ரால்டரைத் தாண்டி அட்லாண்டிக்கில் வேட்டையாட வழி திறந்தது. அந்த ஜூலை மாதமே பாஸ்டனின் ‘மரியா’வும் பிலடெல்பியாவின் ‘டாஃபின்’னும் ஒரு வாரத்துக்குள் பிடிபட்டன.

பிரிட்டனுக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. தன் வர்த்தகப் போட்டியாளனை வேறொருவன் அடித்தால் யாருக்குத்தான் கசக்கும்? வட ஆப்பிரிக்கக் கொள்ளையர் இருப்பது பெரிய கடல் வல்லரசுகளுக்கு நன்மையே என்று ஷெஃபீல்ட் பிரபு 1783-லேயே வெளிப்படையாக எழுதியிருந்தார்.

அமெரிக்கத் தரப்பில் இரண்டு கருத்துகள் இருந்தன. லண்டனில் தூதராக இருந்த ஜான் ஆடம்ஸ், போரைவிடக் கப்பம் மலிவு என்றார். என்றென்றும் சண்டை போடத் துணிவில்லாவிட்டால் தொடங்கவே கூடாது என்பது அவர் வாதம். பாரிஸிலிருந்த தாமஸ் ஜெஃபர்சன், கொடுக்கக் கொடுக்க விலை ஏறும், கப்பல் படை கட்டுவதே சிக்கனம் என்றார். சரித்திரப் புத்தகங்கள் இதைப் பெரிய கொள்கைப் போராட்டமாகச் சித்தரிக்கின்றன. எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படுகிறது. அன்றைய காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. கைவசமிருந்த கடைசிப் போர்க்கப்பலையும் 1785-ல் விற்றாயிற்று. கப்பம் கட்டக் காசில்லை, சண்டை போடக் கப்பலில்லை.

அதனால் ஜெஃபர்சன் மூன்றாவது வழி ஒன்றைப் பிடித்தார். அடிமைகளை மீட்பதையே தொழிலாகக் கொண்ட ஃபிரெஞ்சுத் துறவியர் சபையை ரகசியமாக அணுகினார். விலை இறங்க வேண்டுமென்றால், அமெரிக்க அரசுக்குத் தன் ஆட்களைப் பற்றிக் கவலையே இல்லை என்று டே நம்ப வேண்டும். எனவே கவலை இல்லாததுபோல நடித்தார்கள். நடிப்பு டேயிடம் பலித்ததோ இல்லையோ, கைதிகளிடம் நன்றாகப் பலித்தது. தங்களை நாடு கைகழுவிவிட்டது என்றே அவர்கள் நினைத்தார்கள். பிறகு ஃபிரெஞ்சுப் புரட்சி வந்து அந்தச் சபையின் கதையையும் முடித்தது.

கைதிகளில் ஒருவர் ஜேம்ஸ் கேத்கார்ட். மரியாவில் பிடிபட்டபோது பதினெட்டு வயதுப் பையன். முதலில் டேயின் அரண்மனைத் தோட்டத்தில் வேலை, அங்கே வளர்ந்த சிங்கம் புலிகளுக்கு ஊழியம். மற்றவர்கள் கல் சுமந்து துறைமுகச் சுவரைச் செப்பனிட்டுக்கொண்டிருக்க, இவர் கணக்கெழுதும் வேலைக்கு ஏறினார். அடிமைகள் அடைபட்டிருந்த சிறைக்குள்ளேயே மதுக்கடைகளை வாங்கி நடத்தினார். கடைசியில் டேயின் தலைமைக் கிறிஸ்தவ எழுத்தர் ஆனார். நாட்டுக்குத் திரும்பியது தன் சொந்தக் காசில் வாங்கிய கப்பலில். அடிமை ஒருவன் இத்தனை சம்பாதிக்க முடிந்ததை வைத்து அல்ஜியர்ஸ் சுகமான இடம் என்று எண்ண வேண்டாம். உடன் இருந்தவர்களில் பலரைப் பிளேக் கொண்டுபோனது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 21 பேரின் அடிமைத்தனத்துக்காகக் கொதித்த அதே நாட்டில் அப்போது கறுப்பின அடிமைகள் பல லட்சம் பேர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1790 மார்ச்சில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு அங்கதக் கட்டுரை எழுதினார். ஜார்ஜியாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் அடிமை முறைக்கு ஆதரவாகப் பேசியிருந்தார். அதே வாதங்களை ஒரு கற்பனை அல்ஜியர்ஸ் அதிகாரியின் வாயில் ஃபிராங்க்ளின் போட்டார், கிறிஸ்தவ அடிமைகளை விடுவிக்கவே கூடாது என்று.

1792-ல் ஒருவழியாகப் பேச்சுவார்த்தைக்கு ஆள் நியமித்தார்கள். சுதந்திரப் போரின் கடல் வீரர் ஜான் பால் ஜோன்ஸ். நியமனக் கடிதம் போய்ச் சேருமுன் அவர் பாரிஸில் இறந்துபோனார். அடுத்து, மொராக்கோ ஒப்பந்தத்தை முடித்த தாமஸ் பார்க்ளே. அவரும் 1793 தொடக்கத்தில் லிஸ்பனில் இறந்தார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் தூதர் சார்லஸ் லோகி நடுவில் நின்று போர்ச்சுகலுக்கும் அல்ஜியர்ஸுக்கும் போர்நிறுத்தம் செய்துவைத்தார். ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் காவல் காத்த போர்ச்சுகல் கப்பல்கள் விலகின. சில வாரங்களுக்குள் 11 அமெரிக்கக் கப்பல்கள் பிடிபட்டன, நூற்றுக்கு மேற்பட்ட புதுக் கைதிகள்.

புதிய அரசியல் சட்டம் வந்து, காங்கிரஸுக்கு இப்போது வரி போடும் அதிகாரம் இருந்தது. 1794 மார்ச் 27-ல் ஆறு போர்க்கப்பல்கள் கட்டச் சட்டம் நிறைவேறியது. அல்ஜியர்ஸோடு சமாதானமானால் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று அதிலேயே ஒரு விதி. கப்பல் கட்டிக்கொண்டே பேரம் பேசவும் ஆள் அனுப்பினார்கள்.

கீல்வாதத்தில் நொண்டிக்கொண்டு அல்ஜியர்ஸ் போய்ச் சேர்ந்த ஜோசப் டொனால்ட்சன், 1795 செப்டம்பர் 5-ல் ஒப்பந்தத்தை முடித்தார். ரொக்கம் 6,42,500 டாலர். அதோடு ஆண்டுதோறும் சுமார் 21,600 டாலர் மதிப்புள்ள கப்பல் சாமான்கள். அதாவது பலகை, பாய்மரம், கயிறு, வெடிமருந்து. கொள்ளைக் கப்பல்களைப் பழுதுபார்க்க வேண்டிய பொருளைக் கொள்ளைக்கு ஆளானவனே வருஷா வருஷம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்!

கையெழுத்தானது, பணம் வரவில்லை. ஐரோப்பா முழுக்கப் போர் நடந்ததால் லண்டனில் அமெரிக்கப் பத்திரங்களைத் தங்கமாக மாற்றுவது பெரும்பாடாக இருந்தது. மாதங்கள் ஓடின. 1796 மார்ச்சில் ஜோயல் பார்லோ வந்து சேர்ந்தார். இவர் ஒரு கவிஞர், மக்காச்சோளக் களியைப் புகழ்ந்து நீண்ட கவிதை எழுதியவர். எட்டு நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும், பணம் வராவிட்டால் மறுபடி போர் என்று டே ஹசன் கெடு வைத்தார். பார்லோ தன் பொறுப்பிலேயே ஒரு வாக்குக் கொடுத்தார்: மூன்று மாத அவகாசம் தந்தால், டேயின் மகளுக்கு 36 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் ஒன்று பரிசு. கெடு தள்ளிப்போனது.

அதற்குள் ஊரில் பிளேக் பரவியது. பணத்துக்காகக் காத்திருந்தால் மீட்க ஆளிருக்காது. அல்ஜியர்ஸின் யூத வங்கியாளர் பக்ரியிடம் பார்லோ கடன் கேட்டார். பக்ரியிடம் அப்போதிருந்த தங்கம், டேயின் கஜானாவிலிருந்து ஃபிரெஞ்சுத் தூதர் வாங்கி, பழைய கடனுக்காகப் பக்ரிக்குக் கொடுத்தது. டேயின் தங்கமே சுற்றி வந்து டேயின் கைதிகளை மீட்டது. ஜூலையில் அவர்கள் கப்பலேறினார்கள்.

பரிசுக் கப்பலையும் சேர்த்து மொத்தச் செலவு 9,92,463 டாலர். மத்திய அரசின் அன்றைய ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. லாம்ப் திரும்பி வந்த பத்தாண்டில் விலை பதினாறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கைதிகள் எண்ணிக்கை கூடியது ஒரு பாதிக் காரணம் மட்டுமே.

‘கிரெசண்ட்’ என்ற அந்தப் போர்க்கப்பலை நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கட்டினார்கள். 1798 ஜனவரியில் அது அல்ஜியர்ஸுக்குப் புறப்பட்டபோது, சரக்கில் 26 பீப்பாய் நிறைய டாலர்கள் இருந்தன. பயணிகளில் ஒருவர் டாஃபின் கப்பலின் பழைய கேப்டன் ரிச்சர்ட் ஓ’பிரையன். பத்தாண்டுக்கு மேல் தன்னை அடிமையாக வைத்திருந்த ஊருக்கு இப்போது அமெரிக்கத் தலைமைத் தூதராகப் போனார்.

இந்தச் செய்தி அதே வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்த திரிப்போலிக்கும் எட்டியது. அங்கே பாஷாவாக இருந்த யூசுஃப் கரமான்லி, அமெரிக்காவிடமிருந்து தனக்குக் கிடைத்தது இதோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார்.

(தொடரும்)