கம்பி வேலியும் இழுகருவியும்

சங்கங்களைச் சோதனையிடச் செல்லும் நாம் பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் சரக்கிருப்பையும் பார்த்துக் குறிப்பெழுதித் திரும்புவதே வழக்கம். சங்கத்தின் வேலி எப்படி இருக்கிறது என்று எவரும் நம்மைக் கேட்டதில்லை, நாமும் பார்த்ததில்லை. கொங்கு நாட்டுப் பகுதியில் உள்ள ஒரு விளைவிப்போர் சங்கத்திற்குச் சென்றிருந்தபோதுதான் அவ்வழக்கம் மாறிற்று.

அச்சங்கத்திற்கு உலர்களத்தோடு கூடிய இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. அதனைச் சுற்றிக் கல்கால் நட்டு, ஐந்து வரி முள்கம்பி கட்டி ஆறு மாதமே ஆகியிருந்தது. கல்லுக்கு ஒரு சீட்டு, கம்பிச் சுருளுக்கு ஒரு சீட்டு, கூலிக்கு ஒரு சீட்டு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. கணக்கு நேராக இருந்தது. கம்பிதான் நேராக இல்லை. இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் வயிறு தொங்கிக் கிடந்தன. அவற்றின் நடுவே நுழைந்து வந்த ஆடுகள் களத்தில் காய்ந்த நிலக்கடலையைத் தின்றுகொண்டிருந்ததை நாமே கண்ணாரக் கண்டோம்.

காரியதரிசி அடுத்தாற்போல் ஒரு செலவுச் சீட்டை நம்முன் வைத்தார். அது மருத்துவச் செலவு. வேலியின் மூன்றாம் பக்கத்தைக் கட்டும்போது, கம்பியைக் கடப்பாரையில் சுற்றி நெம்பிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரின் கையிலிருந்து கடப்பாரை வழுவிவிட்டது. இழுபட்டிருந்த கம்பி சுருண்டு பாய்ந்து அவருடைய முன்கையைக் கிழித்துப் புருவத்தையும் கீறிற்று. ஒன்பது தையல். கண் தப்பியது அரை விரற்கடை தூரத்தில். அவர் மூன்று வாரம் வேலைக்குச் செல்ல இயலவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறையாமல் கூறவேண்டும். வேலிக்கு மதிப்பீடு தயாரித்தபோது, கம்பியை இழுத்துப் பிடிக்கும் கருவி ஒன்று நான்காயிரத்துச் சொச்சம் ரூபாயில் வாங்க அனுமதி வேண்டுமென்று நிர்வாகக் குழுவினர் எழுதியிருந்தனர். “வழக்கம்போல் கடப்பாரையைக் கொண்டே இவ்வேலையைச் செய்துகொள்ளலாம், இச்செலவு அவசியமன்று” என்று அதன்மீது குறிப்பெழுதியவர் நாமேதாம். நமது கையெழுத்து அதே கோப்பில், மருத்துவச் சீட்டுக்கு நான்கு தாள் முன்னால் இருந்தது.

அன்று அங்கே பக்கத்து நெசவாளர் சங்கத்தின் முதியவர் ஒருவரும் வந்திருந்தார். நாம் வேலியருகே நின்று தொங்கும் கம்பியை விரலால் அசைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, பாவிலே ஓர் இழை தொய்ந்திருந்தால் நாடா அதிலே தட்டும், இழை அறும், இல்லாவிட்டால் துணியிலே குறை விழும். ஒரு விரல் தொய்வுதானே என்று எந்தத் தறிக்காரனும் விடமாட்டான். வேலிக்காரர்கள் மட்டும் விட்டுவிடுகிறார்களே!” என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னதுபோல் தோன்றினாலும், வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்று விளங்கிற்று. இரண்டு கால்களுக்கு இடையே பத்தடி, அதாவது ஏறத்தாழ 3 மீட்டர் தூரம் என்று கொள்வோம். அந்த இடைவெளியில் கம்பி 1 சென்டிமீட்டர் மட்டுமே நீளமாக இருந்தால், நடுவில் அது 10 சென்டிமீட்டர் தொங்கும். ஒரு சுண்டுவிரல் அகலத் தவறு ஒரு கை அகலத் தொய்வாகிறது. ஆட்டுக்குட்டிக்கு அது போதும்.

கடப்பாரையால் இழுக்க முடியாது என்று நாம் கூறவில்லை. அதுவும் ஒரு நெம்புகோலே. பலம் அதில் வேண்டிய அளவு உண்டு. இழுத்ததை இழுத்தபடி நிறுத்தி வைப்பதற்குத்தான் அதில் வழியில்லை. ஒருவர் தம் உடல் எடையெல்லாம் கொடுத்து நெம்பிக்கொண்டிருக்க, மற்றொருவர் அவசரமாகக் கம்பியைக் காலில் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டி முடித்துக் கடப்பாரையை எடுத்த கணத்தில், இழுத்ததில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடுகிறது. அன்றியும் பாரையில் சுற்றிய இடத்தில் கம்பி முறுக்கேறி மடிகிறது. துத்தநாகப் பூச்சு உரிகிறது. அடுத்த மழையில் துரு முதலில் பிடிப்பது அவ்விடத்தில்தான்.

முள்கம்பி அமெரிக்காவில் பிறந்த பொருள். இல்லினாய் மாநிலத்து டிகால்ப் என்னும் ஊரில் உழவராயிருந்த ஜோசப் கிளிடன் 1874ஆம் ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். முட்களைத் திருகுவதற்கு அவர் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தினார் என்பர். இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, அம்முறுக்கினுள் முள் அகப்பட்டுக்கொண்டு நகராதிருக்கும்படி செய்ததே அவருடைய நுட்பம். கம்பி பரவிய இடமெல்லாம் அதை இழுக்கும் தொல்லையும் உடன் பரவிற்று. அத்தொல்லைக்குச் சிறந்த விடைகளில் ஒன்று நியூசிலாந்திலிருந்து வந்தது.

அந்நாட்டின் தென்தீவில் ஒட்டாகோ பகுதியில் ஓட்டுரெஹுவா என்று ஒரு சிற்றூர். இங்கிலாந்திலிருந்து குடியேறிய எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895இல் தம் பண்ணையிலேயே ஒரு பட்டறை தொடங்கினார். முயல்கள் பெருகிப் புல்லையெல்லாம் மொட்டையடித்த காலம் அது. முயலுக்கு வைக்கும் நச்சுத் தீவனத்தைத் துண்டு செய்யும் கருவியே அவர் முதலில் செய்து விற்றது. அவருடைய மனைவி ஹன்னா அம்மையார் சைக்கிளில் ஏறி, ஆட்டுப் பண்ணை பண்ணையாகச் சென்று விற்பனை உத்தரவு வாங்கி வந்தார். அந்தக் கரடு நிலத்தில் அக்காலத்துச் சைக்கிளில் சென்ற அம்மையாரின் ஊக்கம் நமது விற்பனைச் சங்கங்களுக்கு வாய்த்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஹேய்ஸ் 1924இல் உருவாக்கிய கம்பி இழுகருவிதான் அப்பட்டறைக்கு நிலையான பெயரைத் தந்தது. பட்டறை இன்று பழஞ்சின்னமாகக் காக்கப்பட்டு வருகிறது.

அக்கருவியின் அமைப்பு எளிது. ஓர் இரும்புச் சங்கிலி. அதன் ஒரு முனையில் கம்பியைக் கவ்வும் பிடி. மறு பக்கத்தில் சங்கிலியின் மீது ஏறி நடக்கும் ஒரு கைப்பிடி; அதனோடு இணைந்த இன்னொரு கவ்வுபிடி. கைப்பிடியின் தலையில் இரண்டு கொக்கிகள் உள்ளன. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஒரு கொக்கி சங்கிலியின் கண்ணியைப் பற்றி இழுக்கும். மற்றது அடுத்த கண்ணிக்கு நகரும். எதிர்ப்பக்கம் தள்ளினால் வேலை மாறும். பனையேறுவோர் கையையும் காலையும் மாற்றி மாற்றி வைத்து ஏறுவதுபோல் கருவி சங்கிலியின் மீது கண்ணி கண்ணியாக ஏறுகிறது. எந்தக் கணத்திலும் ஒரு கொக்கி பிடித்துக்கொண்டே இருப்பதால் இழுத்தது திரும்புவதில்லை. ஆள் கையை எடுத்துவிட்டு நிதானமாக முடிச்சுப் போடலாம். கைப்பிடியின் நீளம் கொக்கியின் தூரத்தைப் போல் பத்து மடங்கு என்று கொண்டால், 15 கிலோ பலம் கொடுப்பவர், உராய்வில் கழிந்தது போக, 100 கிலோவுக்கு மேல் இழுக்கலாம்.

கவ்வுபிடியின் தந்திரம் வேறு. அதன் தாடைகள் திருகாணியால் முடுக்கப்படுவன அல்ல. இழுவிசையே தாடையை நெருக்கும்படி அமைந்தவை. எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாகக் கவ்வும். விட்டால் தானே நெகிழும். முள்கம்பியில் இரண்டு முட்களுக்கு நடுவேயுள்ள வெற்றிடத்தில்தான் இதைப் பொருத்த வேண்டும். முள்ளின் மேல் வைத்தால் தாடை முழுதும் படியாது, நழுவும்.

அறுந்த கம்பியை ஒட்டவும் இதுவே உதவும். இரு பிடிகளும் இரு துண்டுகளைக் கவ்வி எதிரெதிராக இழுக்க, கருவிக்கு இணையாக நடுவில் தளர்ந்து கிடக்கும் முனைகளை விருப்பம்போல் முடிச்சிடலாம்.

கடைகளில் ‘ஒயர் ஸ்டிரெயினர்’, ‘ஒயர் புல்லர்’ என்று கேட்டால் கிடைக்கும். ராட்செட்டில் கம்பிவடம் சுற்றும் வகையும் விற்கிறது, அதுவும் பயன்படும். வாங்கும்போது தாடையின் பற்கள் தேயாமல் கூர்மையாக உள்ளனவா என்று பார்த்தால் போதும்.

சதுரக் கண்ணி வலை வேலி போடுவோர் ஒரு பிடியைக் கொண்டு இழுத்தால் வலை ஒரு மூலையில் கூம்பிவிடும். அதற்கு வலையின் உயரத்துக்கு இரண்டு உறுதியான மரச்சட்டங்கள் எடுத்து, வலையின் நுனியை இரண்டுக்கும் நடுவில் வைத்து ஆணிமுடுக்கிகளால் இறுக்கி, அச்சட்டத்தை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கருவிகளால் ஒரே சமமாக இழுக்க வேண்டும். பாவின் அகலம் முழுதும் ஒரே இழுப்பு வேண்டும் என்பது நெசவாளர் அறியாததன்று. வலையின் கிடைக்கம்பிகளில் இடையிடையே சிறு வளைவுகள் விட்டிருப்பார்கள். அவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை நிமிர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். முழுதும் நிமிர்த்திவிட்டால், மாடு மோதும்போது விட்டுக்கொடுத்துத் திரும்பும் தன்மை வலைக்கு இல்லாமற்போகும்.

கருவி வந்துவிட்டது என்று மூலைக்காலை மறந்தவர்களும் உண்டு. ஒவ்வொரு வரியையும் 100 கிலோ விசையில் இழுத்தால் ஐந்து வரிக்கு அரை டன். மூலைக்காலில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 700 கிலோ உட்புறமாக இழுக்கும். இரண்டடி ஆழக் குழியில் நின்ற கல் இதற்குச் சாயாமல் என்ன செய்யும்? கம்பி இழுக்கும் பக்கத்தில், இரு வரிசையிலும், சாய்வாக ஒவ்வொரு முட்டுக்கல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பதினைந்தாவது காலுக்கும் இரு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அரசின் பொதுப்பணி விவரக்குறிப்புகளில் உள்ள விதி. நாம் கண்ட சங்கத்தில் மூலைக்கும் முட்டுக்கல் இல்லை. மதிப்பீட்டில் அதை வெட்டியது நல்லவேளையாக நாமல்லோம்.

ஒரு பக்கத்துக் கம்பியை மூலை திருப்பி அடுத்த பக்கத்துக்கும் சேர்த்து இழுக்கலாகாது. ஐந்தாவது வரியைக் கட்டிய பின்னர் முதல் வரியை மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். கால் சற்றுச் சாய்ந்திருந்தால் அது தளர்ந்திருக்கும். வெயிலையும் கருத வேண்டும். 100 மீட்டர் இரும்புக் கம்பி 10 டிகிரி குளிர்ந்தால் 12 மில்லிமீட்டர் சுருங்கும். மார்கழி விடியலில் விறைப்பாகக் கட்டிய கம்பி சித்திரையில் தளரும். சித்திரை உச்சிவேளையில் அளவுக்கு மிஞ்சி முறுக்கியது மார்கழியில் காலை இழுக்கும்.

இழுக்கும்போது தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் வேண்டும். இழுபடும் கம்பியின் நேர்கோட்டில் எவரும் நிற்கக் கூடாது; கால் கல்லுக்கு அப்பால் நின்று கைப்பிடியை இயக்குவது நன்று. துருவேறிய பழங்கம்பியை இழுக்கவே வேண்டாம். டிராக்டரில் கட்டி இழுப்பவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: டிராக்டருக்குக் கம்பியின் முனகல் கேட்பதில்லை. பன்றிக்கு அஞ்சி வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவது சட்ட விரோதம். அதனால் மனிதர் மாண்டிருக்கின்றனர்.

நன்றாக இருக்கும் கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கம்பி போடுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. கொறங்காட்டைக் காத்துவந்த அவ்வேலிக்குத் துருவும் இல்லை, தொய்வும் இல்லை. அது அழிந்துபோன இடத்துக்கே கம்பி.

இத்தகைய கருவியைத் தனி ஒருவர் வாங்குவது வீண். பத்தாண்டுக்கு ஒருமுறை வேலி கட்டுபவருக்கு அது மீதி நாளெல்லாம் பரணில் கிடக்கும். டிராக்டரையும் விசைத்தெளிப்பானையும் வாடகைக்கு விடும் தொடக்கச் சங்கங்கள் பல உள்ளன. அவ்வரிசையில் இச்சிறு கருவியையும் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நாம் நமது பழைய குறிப்பின் கீழே அதனை ரத்துச் செய்து வேறொரு குறிப்பெழுதினோம். நிர்வாகக் குழுவினர் கருவி ஒன்றும், கையுறை இரண்டு ஜோடியும், கண்ணாடி இரண்டும் வாங்கினர். நாள் வாடகை 30 ரூபாய். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கருவியை மட்டும் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.

அண்மையில் மறுபடி அங்கே சென்றோம். மூலைகளுக்கு முட்டுக்கல் வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தைத் திரும்ப இழுத்துக் கட்டியவர் அந்த இளைஞரேதாம். முதலில் மறுத்தார் என்றும், கருவியைக் களத்தில் வைத்து இரண்டு நாள் பழகிப் பார்த்த பிறகே இசைந்தார் என்றும் தலைவர் கூறினார். இப்போது உறுப்பினர் வேலிகளுக்கும் அவரையே அழைக்கின்றனர். வாடகைப் பதிவேட்டில் ஏழு பதிவுகள் கண்டோம். மூன்றாவது பதிவு நெசவாளர் சங்கத்தினுடையது; சாயம் தோய்த்த நூலை உலர்த்தும் கம்பிக் கொடிகளை இழுத்துக் கட்டுவதற்காம். ஏழாவது முறை கருவி தாடையில் மண்ணோடும் எண்ணெய் காணாத சங்கிலியோடும் திரும்பி வந்திருந்தது. துடைத்து எண்ணெயிட்டே திருப்ப வேண்டும் என்ற விதியை அடுத்த கூட்டத்தில் எழுதிச் சேர்ப்பதாகக் காரியதரிசி கூறியிருக்கிறார்.